டெலவேருக்கு ஓட்டுப் போட்ட குத்தாலத்துக்காரன்

1

நான் ஓட்டுப் போட்டதே கிடையாது. இந்த நாட்டிலும் இல்லை, அந்த நாட்டிலும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்பு முழுக்க ஓட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பாதியில் வந்து 'உனக்கு என்னய்யா தகுதி' என்று யாரும் கேட்கக்கூடாது.

நீ ஊரைவிட்டுப் போய் நாற்பது வருஷம் ஆகிவிட்டதே, ஊர் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று குத்தாலத்திலிருந்து கேட்டார்கள். பனியைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பனியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விழும். வாசலில் இருப்பதை நாம்தான் அள்ளிப் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் வளைகுடாவுக்கு விமானம் ஏறியபோது வயது இருபது. அப்போது நம் நாட்டில் இருபத்தொன்று ஆனால்தான் ஓட்டு. வளைகுடாவில் ஓட்டு என்ற பேச்சே இல்லை. அங்கிருந்து அமெரிக்கா வந்தேன். பச்சை அட்டை வாங்கினேன். குடியுரிமை வாங்கவில்லை. ஏன் என்று கேட்டால், முதலில் நேரமில்லை, பிறகு சோம்பல், அதற்குப் பிறகு வீம்பு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் பெயரைப் பதிந்துகொண்டு நேரில் வந்து வரிசையில் நின்றால் ஊரில் ஓட்டுப் போடலாம் என்கிறார்கள். நான் ஊருக்கு வருகிற சமயத்தில் யாரும் தேர்தல் வைப்பதில்லை.

என் மனைவி ஷரீபா வெகுநாளைக்கு முன்பே குடியுரிமை வாங்கிவிட்டாள். தேர்தல் நாளில் நான் காரில் உட்கார்ந்திருப்பேன். அவள் உள்ளே போய்விட்டு, 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த வட்டமான ஸ்டிக்கரைத் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவாள். கதவில் அப்படி ஒரு வரிசையே இருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் படும். வேண்டுமென்றேதான் அங்கே ஒட்டுகிறாள்.

ஓட்டு இல்லாவிட்டாலும் வாய்க்குக் குறைவில்லை. நான் நியூ ஜெர்சியில் பெட்ரோல் பங்கு வைத்திருந்தேன். இந்த மாநிலத்தில் வண்டிக்காரன் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளக்கூடாது, சட்டம். நாங்கள்தான் நின்று போட வேண்டும். ஒரு டாங்க் நிரம்புகிற நேரத்துக்குள் அரசாங்கத்தை முழுசாகத் திட்டி முடிக்கப் பழகிக்கொண்டேன். பெரிய வண்டி வந்தால் வெளியுறவுக் கொள்கையும் சேரும்.

போன வருஷம் பெட்ரோல் பங்கை விற்றுவிட்டேன். கேட்க ஆளில்லாமல் டிவியைத் திட்ட ஆரம்பித்தேன். மகள் நஸ்ரின் சிகாகோவில் வக்கீல். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், நடுவில் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். பெருநாளைக்கு வருகிறாயா என்றால் கோர்ட்டில் தேதி இருக்கும். அவள்தான் ஒரு நாள் அதிசயமாகத் தமிழில் சொன்னாள்.

"அத்தா, டிவியைத் திட்டுறதுக்குப் பதிலா போய் யாரையாவது நேர்ல திட்டுங்க. யுனிவர்சிட்டியில வயசானவங்க சும்மா உட்கார்ந்து கேக்கலாம். காசு கிடையாது."

2

காசு கிடையாதுதான். ஆனால் வயசானவன் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு நான் போன கவுண்டர்களைச் சொன்னால் மலரில் இடம் போதாது. ஒருத்தி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிறந்த தேதி சரிதானா?" என்றாள். சரியில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, பையன் வாயைப் பார்த்தால் ஐந்து வயது தாண்டியவன் மாதிரி இருக்கிறான் என்று தலைமையாசிரியர் வயதைக் கூட்டி எழுதிவிட்டார். அதனால் ஒரு காலத்தில் எனக்குக் கோபம். இப்போது அந்தக் கூடுதல் வயதுதான் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. "ரொம்பச் சரி" என்று சொல்லிவிட்டேன்.

அமெரிக்க வரலாறும் அரசியல் சட்டமும் என்று வகுப்பின் பெயர். மாணவர்கள் காபியோடு வருவார்கள். முன் நாற்காலியில் காலைப் போடுவார்கள். பேராசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். அவர் இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். என்னை எல்லோரும் ஜப்பார் என்றார்கள். பேரன் வயதில் இருப்பவன் 'ஹே ஜப்பார்' என்கிறான். முதல் வாரம் காது சுட்டது. பிறகு பழகிவிட்டது.

இந்த நாட்டின் அரசியல் சட்டத்தைப் பெரிய ஞானிகள் கூடி அமைதியாக எழுதினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பிலடெல்பியாவில் கோடை வெயிலில், வெளியே பேச்சு கேட்கக்கூடாது என்று ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். எங்கள் ஜமாஅத் கூட்டத்தில் மின்விசிறி நின்றாலே எப்பேர்ப்பட்ட தகராறும் சீக்கிரம் சமாதானமாகிவிடும். இவர்களுக்கு விசிறியே இல்லை, அப்படியும் விடவில்லை. எனக்கு மரியாதை வந்துவிட்டது.

பெரிய மாநிலங்கள், ஜனத்தொகைப்படி எங்களுக்கு அதிக ஓட்டு வேண்டும் என்றன. சின்ன மாநிலங்கள், மாநிலத்துக்கு ஒரே அளவுதான் என்றன. மாணவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கையைத் தூக்கினேன்.

"மேடம், இது வாய்க்கால் தகராறு."

அவர் பேனாவைக் கையில் கொடுத்தார். பலகையில் ஒரு வாய்க்கால் வரைந்தேன். மேலே தலைமடை, கீழே கடைமடை. தலைமடைக்காரனுக்கு நிலம் அதிகம், நியாயமும் அதிகமாகத்தான் வைத்திருப்பான். நிலத்துக்கு ஏற்றபடி தண்ணீர் என்று அவன் சொல்வது காதுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவன் பாய்ச்சி முடிப்பதற்குள் கடைமடையில் நாற்று காய்ந்துவிடும். அதனால் ஊருக்கு ஊர் முறை வைத்தார்கள். உன் நிலம் எவ்வளவு இருந்தாலும் சரி, இத்தனை நாள் மடை உனக்கு, இத்தனை நாள் எனக்கு. ஒரு சபையில் ஜனத்தொகைப்படி, இன்னொரு சபையில் மாநிலத்துக்குச் சமமாக என்று இவர்கள் முடித்ததும் அதே வேலைதான்.

வகுப்பில் எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். குத்தாலத்து வாய்க்கால் நியூ ஜெர்சியில் பரீட்சைக்கு வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து டிவியைத் திட்டவில்லை.

3

பருவம் முடிவதற்கு முன் மேடம் ஒரு ஏற்பாடு செய்தார். வகுப்பே பிலடெல்பியா மண்டபம். நாலு நாலு பேராகச் சேர்ந்து குழுவுக்கொரு மாநிலம். கடைசி நாளன்று, அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு மாநிலமும் சொல்ல வேண்டும். மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. மாநிலத்துக்குள் பெரும்பான்மை எதுவோ அது. சரிபாதியாகப் பிரிந்தால் அந்த ஓட்டு கணக்கில் வராது, அந்தக் குழுவுக்கு மதிப்பெண்ணும் குறையும். அந்தக் காலத்திலும் பிரிந்த மாநிலத்தின் ஓட்டு எண்ணிக்கையில் சேராதாம். மதிப்பெண் மட்டும் மேடம் சேர்த்தது.

எங்களுக்கு டெலவேர். வரைபடத்தில் பாருங்கள், ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுத்தமான கடைமடை.

என்னைத் தவிர என் குழுவில் மூன்று பேர். கெல்லி, தெற்கு ஜெர்சியில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவரின் மகள். நீரவ், குஜராத்தி வீட்டுப் பையன், எதற்கும் எவ்வளவு மார்க் என்று கேட்பவன். மார்க்கஸ், நூவார்க் நகரத்துக் கறுப்பினப் பையன், குறைவாகப் பேசுவான். எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். நான் நம் பேச்சில் எழுதுகிறேன், எனக்குக் கேட்டது அப்படித்தான்.

கெல்லி கையெழுத்துப் போடலாம் என்றாள். நீரவும் அதே. மார்க்கஸ் முடியாது என்றான். காரணம் எல்லோருக்கும் தெரியும். தென் மாநிலங்களுக்குச் சபையில் எத்தனை இடம் என்று கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள். அடிமைகளுக்கு ஓட்டில்லை. அவர்கள் தலையை எண்ணி எஜமானர்களுக்கு இடம்.

நான் கெல்லி பக்கம். சமமான ஓட்டு கிடைக்கும்போது கடைமடைக்காரன் விடுவானா?

"கிடைக்கிறதை வாங்கிக்கிட்டு மிச்சத்தை அப்புறம் பாருப்பா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். நான் மெதுவாகச் சொன்னது எதுவும் இல்லை.

"அப்புறம்னா எப்ப?" என்றான் மார்க்கஸ்.

"அப்புறம்."

"வரலாறு வகுப்புல உட்கார்ந்துகிட்டு அப்புறம்னு சொல்றீங்க ஜப்பார். எப்பன்னு புத்தகத்துலயே இருக்கு. நடுவுல ஒரு போரும் இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சரியான பதில் எதிராளியிடம் இருந்தால் எனக்கு எப்போதும் வரும் கோபம். ஓட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று கத்தினேன். அப்போது மேடம் குறுக்கே வந்தார். சும்மா கேட்க வந்தவர்களுக்கு மதிப்பெண் இல்லை, அதனால் ஓட்டும் இல்லை என்றார்.

"இந்த வகுப்பிலேயே அதிகமாப் பேசுறவன் நான்தான் மேடம்."

"அது எல்லாருக்கும் தெரியும்" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பிலடெல்பியாவிலயும் அந்த மண்டபத்துக்கு வெளியில நின்னவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஓட்டு இல்லை ஜப்பார். இருக்கிறவங்க கொடுத்தாத்தான் இல்லாதவங்களுக்கு. உங்க குழுவில மூணு பேரும் சம்மதிச்சா நாலாவது ஓட்டு உங்களுக்கு."

கெல்லி உடனே சரி என்றாள். நீரவும் சரி என்றான், மூன்றுக்கு ஒன்று என்றால் மார்க் பத்திரம். மார்க்கஸ் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றான்.

வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வயதில் ஊரில் எல்லோரும் எத்தனையோ தேர்தல் பார்த்துவிட்டார்கள். எனக்கு இது ஒன்று. விளையாட்டுத் தேர்தல்தான். ஆனாலும் வேண்டும் என்று இருந்தது. ரொம்ப வேண்டும் என்று இருந்தது. அந்த வெட்கத்தை ஷரீபாவிடம்கூடச் சொல்லவில்லை.

4

செல்வராஜுக்குப் போன் செய்தேன். குத்தாலம் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். அவன் அப்பா பண்ணையில் வேலை செய்தவர். செல்வராஜுக்கு இப்போது கடைசி மடைக்கு அப்பால் சொந்த நிலம் இருக்கிறது. போன மாதம்தான் திருக்கடையூரில் அவனுக்கு அறுபதாம் கல்யாணம். போனில் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக, மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

டெலவேர் விஷயத்தைச் சொன்னேன். வயலில் நின்றுகொண்டு கேட்டான்.

"அது கடைமடையாடா?"

"ஆமா."

"அப்ப கையெழுத்துப் போடச் சொல்லு. ஊர்க் கூட்டத்துல முறை பிரிச்சப்ப எங்க தெருவுக்கு முறையே கிடையாது, தெரியுமில்ல? மேல் வயல்லேருந்து வடியிற தண்ணிதான். அதையும் வேணாம்னு முறுக்கிக்கிட்டு இருந்தா என்னாகும்? வாங்கிக்கிட்டோம். அப்புறம் சண்டை போட்டு முறையும் வாங்குனோம். அந்தப் பையன்கிட்ட சொல்லு."

"சொன்னேன். கேக்க மாட்டேங்கிறான்."

"நீ எப்படிச் சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா. வீட்டுக்குக் கூப்பிட்டு சோத்தைப் போட்டுச் சொல்லுடா."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நஸ்ரினிடம் சொன்னேன். மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஓட்டுக்குச் சாப்பாடா? அத்தா, இதுக்கு நீங்க ஊர்லயே இருந்திருக்கலாமே."

5

ஷரீபா முத்துப்பேட்டைக்காரி. அவர்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் விருந்து என்றால் சஹன் சாப்பாடு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். சட்டம் கொஞ்சம்தான். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும், அடுத்தவன் பக்கம் கை போகக்கூடாது. கறியைப் பங்கு வைக்கிறவன் கடைசியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேரும் முடிக்கிறவரை ஒருத்தரும் எழுந்திருக்கக்கூடாது.

சீதனமாக வந்த அந்தத் தட்டை இத்தனை தேசம் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் ஒருமுறை பெட்ரோல் பங்கில் எண்ணெய் ஒழுகிய இடத்தில் அதை வைத்துவிட்டேன். அதற்கு வாங்கிய ஏச்சு இன்னும் முடியவில்லை.

நாலு பேர் உட்காருவோம் என்றதும் அவளுக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்துவிட்டது. எனக்கும் அது சரியென்றே பட்டது. நாலு பேர், ஒரு மாநிலம், ஒரு தட்டு. நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, எலும்பும் பருப்பும் போட்ட தாளிச்சா. குஜராத்திப் பையன் கறி தொடமாட்டானே என்று நீரவுக்கு மட்டும் தனித்தட்டு, கத்திரிக்காய், பருப்பு.

சனிக்கிழமை மதியம் வந்தார்கள். நீரவ் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினான். "மட்டனா? எங்க வீட்ல செய்யவே மாட்டாங்க. நான் வெளியில எல்லாம் சாப்பிடுவேன், எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று நேராகப் பெரிய தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

கெல்லி தயங்கி நின்றாள். "நான் பத்து வயசுலேருந்து கறி சாப்பிடுறதில்ல" என்றாள்.

"உங்கப்பா மாட்டுப்பண்ணைதானே வச்சிருக்கார்?"

"அதனாலதான்."

ஷரீபா என்னைப் பார்த்தாள். "விசாரிச்சுக் கூப்பிடத் தெரியாதாங்க உங்களுக்கு? பேரைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணிக்குவீங்களா?"

நீரவுக்கு வைத்த தனித்தட்டைக் கெல்லியிடம் நகர்த்தினேன். அவள் அதைத் திரும்ப என் பக்கமே நகர்த்தினாள். "நான் தனியா உட்கார மாட்டேன். பெரிய தட்டுதான்."

சரி என்று உட்கார்ந்தோம். கெல்லி பக்கத்துச் சோற்றில் கத்திரிக்காயை வைத்தாள் ஷரீபா. எங்கள் மூன்று பேர் பக்கத்தில் நான் கறியைப் பங்கு வைத்தேன், கடைசியில் எடுத்துக்கொண்டேன். அடுத்துத் தாளிச்சா வந்தது. அது குழம்பு. ஊற்றினால் நிற்கிற இடத்தில் நிற்காது.

"நடுவுல ஊத்துங்க ஆன்ட்டி" என்றான் நீரவ். "ஓட்டெடுப்பு வச்சுக்கலாம். மூணுக்கு ஒண்ணு."

நான் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன். ஷரீபா கரண்டியோடு நின்றாள். மார்க்கஸ் கையைத் தூக்கவில்லை. சோற்றை உள்ளங்கையால் ஒதுக்கி, கெல்லி பக்கத்துக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில் வரப்பு மாதிரி ஒன்று கட்டினான். பிசுபிசுவென்று கையெல்லாம் நெய்.

"இதுக்கு ஓட்டெடுப்பே கிடையாது" என்றான். "அவ பக்கம் அவளோடது."

ஷரீபா வரப்புக்கு இந்தப் பக்கம் பார்த்து ஊற்றினாள். "இந்தப் புள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே சஹன் சட்டம் தெரிஞ்சிருக்கு" என்றாள் என்னிடம்.

எனக்கு அப்போதுதான் மேடம் ஒரு வாரம் முழுக்க நடத்திய பாடம் விளங்கியது. பெரும்பான்மை எவ்வளவு பெரிதானாலும் கை வைக்கக்கூடாத விஷயங்கள் என்று பத்துத் திருத்தங்களைப் பிறகு எழுதிச் சேர்த்தார்கள். பரீட்சைக்கு எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். நானும் செய்தேன். ஒரு வரப்புக்குத்தான் அத்தனை பக்கமும்.

மார்க்கஸ் கையால் சாப்பிடுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஒவ்வொரு கவளமும் விரல் வழியாக வழிந்தது. நாங்கள் முடித்துவிட்டோம். எழுந்திருக்கக்கூடாது என்று சட்டத்தைச் சொன்னேன். நீரவ் நெய்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தவித்தான். இதுதான் சமயம் என்று நான் ஓட்டுப் பேச்சை எடுத்தேன். இந்த முறை மெதுவாகவே எடுத்தேன். செல்வராஜ் சொன்ன வடிகால் கதையையும் சொன்னேன்.

மார்க்கஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கெல்லி கறி வேணாம்னு சொன்னா. சொல்றதுக்கு அவ தட்டுக்கு முன்னால உட்கார்ந்திருந்தா. எங்க ஆளுங்க அந்த மண்டபத்துல தட்டைச் சுத்தி உட்காரல ஜப்பார். தட்டுல இருந்தாங்க."

நீரவ் கையை இறக்கினான்.

கடைசிக் கவளத்தைச் சாப்பிட்டுவிட்டு மார்க்கஸ் சொன்னான்: "ஆனா நீங்க ஓட்டுப் போடுங்க. எனக்குச் சம்மதம். பின்னால உட்கார்ந்து கத்துறதை விட, நேரா எனக்கு எதிரா கையைத் தூக்குங்க. அது மரியாதை."

எனக்கு ஓட்டு கிடைத்துவிட்டது. கை கழுவ எழுந்தோம். கேட்டது கிடைத்துவிட்டால் சும்மா இருக்க வேண்டியதுதானே. என்னால் முடியவில்லை.

6

மறுநாள் செல்வராஜைக் கூப்பிட்டேன். அவனுக்குச் சாயங்காலம்.

"அந்த வடிகால் தண்ணி விஷயம். அன்னைக்கு ஊர்க் கூட்டத்துல உங்கப்பா ஒத்துக்கிட்டாரா?"

"எந்தக் கூட்டத்துல?"

"முறை பிரிச்ச கூட்டத்துல. உங்க தெருவுக்கு வடிகால் போதும்னப்ப உங்கப்பா கை தூக்குனாரா?"

செல்வராஜ் சிரித்தான். "எங்கப்பாவை யாருடா கேட்டா? அவரு கூட்டத்துல இருந்தவங்களுக்கு டீ வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு கையிலயும் டீத் தூக்கு. கையை எங்கேருந்து தூக்குறது?"

"அன்னைக்கு வாங்கிக்கிட்டோம்னு சொன்னியே."

"வாங்கிக்கிட்டோம்தான். அது வந்து சேர்ந்த பிறகு. ஒத்துக்கிட்டோம்னு நான் எப்ப சொன்னேன்?" பக்கத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "ஏன்டா கேக்குற இதெல்லாம்? பரீட்சைக்கா?"

"ஆமா, பரீட்சைக்குத்தான்."

"பாஸ் பண்ணிடுவியா?"

"எனக்கு மார்க்கே கிடையாதுடா."

"அப்ப நிம்மதியா எழுது" என்று வைத்துவிட்டான்.

7

கடைசி வகுப்புக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஷரீபா எதற்கு என்று கேட்டாள். ஓட்டுப் போடப் போகிறேன் என்றேன். அவள் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

மேடம் ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொன்னார். உள்ளே வெக்கை. ஒவ்வொரு மாநிலமும் மூலையில் கூடிப் பேசியது. எங்கள் மூலையில் பேச்சே இல்லை. கெல்லி, "போடலாம்" என்றாள். நீரவ், "போடலாம்" என்றான். மார்க்கஸ், "மாட்டேன்" என்றான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நீரவ் அப்போதே பேனாவை மூடிப் பையில் வைத்தான், மூன்றுக்கு ஒன்று என்று அவனுக்குத் தெரியும்.

நாற்பது வருஷமாக எல்லா அரசாங்கத்தையும் திட்டியவன் நான். ஒரு சொல் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்தது. ஓட்டுப் போடுகிறவர்களெல்லாம் இந்தப் பாட்டைத்தான் படுகிறார்களா என்று தெரியவில்லை. அப்படியானால் இனிமேல் கொஞ்சம் குறைத்துத் திட்ட வேண்டும்.

"மாட்டேன்" என்றேன்.

"ஜப்பார்" என்றான் நீரவ். "நீங்க எங்க பக்கம்."

"இருந்தேன்."

"ரெண்டுக்கு ரெண்டு. நம்ம ஓட்டே செல்லாது. மார்க் போச்சு. உங்களுக்கென்ன, உங்களுக்கு மார்க்கே கிடையாது."

"அதனாலதான்பா என்னால போட முடியுது" என்றேன். மார்க்கஸ் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. அவன் நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

மேடம் மாநிலம் மாநிலமாகக் கூப்பிட்டார். டெலவேர் என்றதும் கெல்லி எழுந்தாள். "பிரிந்துவிட்டது" என்றாள்.

டெலவேர் பிரிந்தது என்று கேட்டதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. நிஜ வரலாற்றில் எல்லோருக்கும் முந்திக்கொண்டு ஒப்புதல் கொடுத்த மாநிலம் அது. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக் காரணம் கேட்டார்.

"நாலாவது ஆள் இன்னும் சாப்பிட்டு முடிக்கல மேடம்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கெல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீரவ் முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் அவனும் சிரித்ததை நான் பார்த்தேன். "கணக்கில் வராது" என்று மேடம் சொல்லிவிட்டு அடுத்த மாநிலத்தைக் கூப்பிட்டார். மற்ற மாநிலங்கள் சேர்ந்து சட்டத்தை நிறைவேற்றிவிட்டன. மதிப்பெண்ணையும் சொன்னபடி குறைத்தார்.

அறுபது தாண்டி நான் போட்ட முதல் ஓட்டு. எந்தக் கூட்டலிலும் சேரவில்லை.

வெளியே வந்ததும் நீரவ் பின்னாலேயே ஓடிவந்தான். திட்டத்தான் வருகிறான் என்று நின்றேன். "போன மார்க்குக்குப் பதிலா இன்னொரு தடவை மட்டன் போடணும். இது பேரம் இல்ல, நஷ்ட ஈடு" என்றான். அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். நஸ்ரினிடம் சொன்னபோது, கோர்ட்டில் தேதி பார்க்கிறேன் என்றாள். பிறகு, "அந்தத் தட்டுல அஞ்சு பேர் உட்கார முடியுமா அத்தா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். முடியாது, நான் எழுந்துகொள்கிறேன் என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஷரீபாவிடம் நடந்ததைச் சொன்னேன். அடுப்பைக் குறைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"சட்டம் நிறைவேறிடுச்சா?"

"ம்."

"உங்க ஓட்டு செல்லல."

"செல்லல."

"இதுக்கா ரெண்டு கிலோ கறி?" என்றாள்.

பிறகு ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். கதவிலிருந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி எடுத்து, என் சட்டைப் பைக்கு மேலே வைத்து அழுத்தினாள். ஒட்டவில்லை. எந்தத் தேர்தலில் வாங்கியதோ, பசை போய்விட்டிருந்தது. திரும்ப அழுத்தினாள். விழுந்தது.

குனிந்து எடுத்தேன். கையாலேயே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.